பாட்டிலைப் பிடுங்கும் காட்சி

வியாழன், இரவு.

யாழினி மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. மாலையில் பாயான் லெப்பாஸில் அவர்கள் பிளாட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவள் அம்மா, "ஒங்க நாடகத்த வீட்ல போட்டுட்டா டீச்சர்" என்றார். உள்ளே யாழினி கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

பெற்றோர் தின விழாவுக்கு நான் எழுதிய நாடகம். மகள் அப்பாவின் கையிலிருந்து சம்சுச் சாராயப் பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டிவிட்டு, "போதும்பா, என்னப் பாருங்க" என்பாள். அப்பா அழுது அவளைக் கட்டிக்கொள்வார். மகளாக நடித்தது யாழினி. இந்த மாதிரிக் கலைதான் சமுதாயத்தை மாற்றும் என்று தலைமை தாங்கிய சட்டமன்ற உறுப்பினர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நானும் நம்பினேன். யாழினியின் அப்பா அன்று வரவில்லை.

குடிக்கிற ஆளோடு நான் ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை. அந்த அழுகையைக் கைதட்டலுக்காகத்தான் எழுதினேன். இப்போது மாநிலப் போட்டிக்கும் அதே நாடகமாம். தலைமையாசிரியரிடம் என்ன சொல்வேன்? யாழினியின் அம்மாவிடம் போலீசுக்குப் போகலாம் என்றேன். "வேணாம்லா டீச்சர், நாங்க இங்கதான இருக்கணும்" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

கிளம்பும்போது யாழினி மெதுவாகக் கேட்டாள்.

"நான் எங்கயாச்சும் தப்பா சொல்லிட்டேனா டீச்சர்? அப்பா அழவே இல்ல."