பூஜையில் வைத்த துப்பாக்கி

சரஸ்வதி பூஜை இரவு, அக்டோபர் 1986, ஹூஸ்டன்

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

அடுத்த வீட்டில் திருடு போன பிறகு அப்பா வாங்கிய துப்பாக்கிக்கும் இன்று பூஜை. எங்கள் புத்தகங்களோடு பலகையில் வைத்துப் பொட்டு இட்டார்.

"இதப் பாத்து பயப்படக் கூடாதும்மா. மரியாதை குடுக்கணும், புக்குக்குக் குடுக்கற மாதிரி."

"புல்லு வெட்டற மெஷின் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அம்மா சிரித்தாள்.

சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் வாசலில் விருந்தாளிகளை வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் ஹாலுக்கு வந்தேன். ஐந்து வயதுத் தங்கை மீனு துப்பாக்கியை இரண்டு கையாலும் தூக்கி, குழல் முனையை ஒரு கண்ணில் ஒற்றினாள். பிறகு அடுத்த கண்ணில்.

மெதுவாக வாங்கிக் கீழே வைத்தேன்.

"என்னடி பண்ற?"

"கால் பட்டுடுச்சு அக்கா. ஸாரி சொன்னேன்."

புத்தகத்தில் கால் பட்டால் அப்படிச் செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அப்பாவிடம், "அதுல குண்டு இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

"பின்ன? திருடன் வந்தா, 'இருப்பா, குண்டு போட்டுட்டு வரேன்'னா சொல்ல முடியும்?"

மீனு செய்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அவளைத்தான் அடிப்பார். பூஜையில் வைத்ததை விடியும்வரை எடுக்கக் கூடாது என்று அது ஹாலிலேயே இருக்கிறது. வீட்டில் முதலில் எழுபவள் மீனு.

பக்கத்தில் தூங்குகிறாள். அவள் பாவாடை நாடாவை என் மணிக்கட்டில் கட்டியிருக்கிறேன். இழுத்தால் விழித்துக்கொள்ள வேண்டும். தூங்காமல் இருந்தால் இன்னும் நல்லது.