அவன் குனிந்தது எதற்கு

ஜூலை 3, வியாழன்

கச்சான் காற்று, மூன்றாவது நாள். வீடு முழுக்க மணல். சோற்றிலும் மணல்.

செய்ய வேண்டியவை: கூரைத் தகரத்துக்கு மேல் கல் வைக்க. பாண் வாங்க. ஸீனத்துக்கு போன்.

கல் வைத்தேன். பாண் வாங்கவில்லை. கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். என்னைக் கண்டதும் கதை நின்றுவிட்டது. நான் ஏதோ மறந்து வந்தவள் போல முந்தானையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பகலுக்கு மரவள்ளி அவித்தேன்.

இந்தக் கொப்பி என் மகள் ஸீனத் படித்த காலத்தில் வாங்கியது, பாதி வெற்று. லோயர் மிஸ் சொன்னார், ஞாபகம் வருவதையெல்லாம் எழுதி வைக்கட்டாம். எட்டு மாதமாகச் சொல்கிறார். இன்றுதான் எடுத்தேன். அவருக்குக் காட்டப் போவதில்லை.

பக்கத்து வளவில் ஜெசீமா துணி காயப் போட்டாள். காற்று ஒரு பாவாடையைத் தூக்கி என் வேலியில் போட்டது. எடுத்துக் கொடுக்கலாமா என்று நின்றேன். அவள் வரவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு பார்த்தேன், பாவாடை இல்லை. நான் வீட்டுக்குள் போகும்வரை காத்திருந்திருக்கிறாள்.

ஜூலை 6, ஞாயிறு

பொலிஸில் பிணைக் கையெழுத்து. காற்று கொஞ்சம் குறைவு.

போகும்போது பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு ஆண்கள். என்னைத் தெரியாது. சந்தி வந்ததும் ஒருவர் கையைக் காட்டினார்.

"இந்த இடம்தான். தம்பிலிக்காரி வெட்டின இடம்."

"கால்ல வெட்டியிரிக்கலாமே. கழுத்தில வெட்டோணுமா?"

"அவன் கத்தியோட வாறான். நீ அளந்து பாத்து, கால் எங்க எண்டு தேடுவியா?"

"எண்டாலும் உசிரு."

"கீழ கிடந்தவனுட்டயும் உசிருதானே இரிந்திச்சு."

பிறகு வெங்காய விலைக்குப் போய்விட்டார்கள். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே பார்த்தேன். நான் தம்பிலி இளநீர் விற்ற இடத்தில் இப்போது யாரோ தர்பூசணி விற்கிறார்கள். மேலே கட்டியிருந்த நீலச் சீலை என்னுடையது.

பொலிஸில் பெஞ்சில் ஒரு மணித்தியாலம். சார்ஜன்ட் புத்தகத்தை நீட்டினார். முன்பு "சாப்பிட்டீங்களா" என்றாவது கேட்பார். அவருக்கும் அலுத்திருக்கும்.

ஜூலை 7, திங்கள்

எழுதிவிடுகிறேன். ஒரே மூச்சில்.

இடம்: சந்தி பஸ் ஹோல்ட், என் தம்பிலிக் குவியலுக்கு முன்னால். போன வருஷம் ஓகஸ்ட். பகல் பதினொரு மணி இருக்கும்.

1. பஸ் வந்து நின்றது. ரிஸ்வியைக் கொண்டக்டர் இறக்கிவிட்டார். உள்ளே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சத்தம் போட்டானாம். ரிஸ்வி ஜெசீமாவின் மகன், இருபத்தாறு வயது. அந்தப் பாழாய்ப்போன ஐஸ் தூளுக்குப் பழகி இரண்டு வருஷம்.

2. ரிஸ்வி இடுப்பில் இருந்து மீன் வெட்டும் கத்தியை எடுத்தான். கொண்டக்டரின் கையில் குத்தினான், பிறகு வயிற்றில். அந்த மனிதர் என் குவியலில் விழுந்தார். தம்பிலி உருண்டு ரோட்டுக்குப் போனது.

3. சனம் ஓடியது. தூரத்தில் நின்று சிலர் போனைத் தூக்கினார்கள்.

4. நான் கத்தினேன். "ரிஸ்வி, விடு மகன்! ஹலீமா மாமிடா!" திரும்பினான். பார்த்தான். என்னைத் தெரியவில்லை அவனுக்கு. என் சோற்றைத் தின்று வளர்ந்தவனுக்கு என்னைத் தெரியவில்லை. மறுபடி கொண்டக்டருக்கு மேலே கத்தியை ஓங்கினான்.

5. தம்பிலி வெட்டும் கத்தி என் கையிலேயே இருந்தது. தோளில் வெட்டினேன்.

6. அவன் கத்தி கீழே விழுந்தது.

7. அவன் குனிந்தான்.

8. இரண்டாவது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மௌத்து. கொண்டக்டர் பிழைத்தார்.

பொலிஸில் சொன்னேன்: "கத்தியை எடுக்கத்தான் குனிஞ்சான்." எழுதினார்கள். கையெழுத்து வைத்தேன். மூன்று மாதம் மறியல் சிறை, பிறகு பிணை.

எடுக்கக் குனிந்தானா? தோள் வெட்டுப்பட்டவன் நோவிலும் குனிவான்தானே. இதை யாரிடமும் கேட்டதில்லை. வீடியோவில் என் முதுகுதான் தெரிகிறது. கொண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாராம்.

இன்று சமைக்கவில்லை.

ஜூலை 9, புதன்

புத்தளம். லோயர் மிஸ் வரச் சொல்லியிருந்தார். முன்னேஸ்வரம் பக்கத்துப் பிள்ளை, ஸீனத்தைவிட நாலைந்து வயது கூட. மேசை நிறையக் கோப்பு. எனக்குத் தேத்தண்ணீர் தந்தார். சீனி கூட.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். சொன்னேன்.

"மிஸ், அவன் எதுக்குக் குனிஞ்சான் எண்டு எனக்குத் தெரியாது."

பேனையைக் கீழே வைத்தார். "அக்கா, ஏன் இப்ப சொல்றீங்க?"

"பொய் சொன்ன மாதிரி இரிக்கி."

"அந்த நேரம் நீங்க என்ன நினைச்சீங்க? இப்ப இல்ல, அந்த நேரம்."

"எடுக்கப் போறான் எண்டுதான். எடுத்தா அந்த மனுசன் முடிஞ்சார், பிறகு நான்."

"அப்ப அது பொய் இல்ல."

பிறகு மெதுவாக விளங்கப்படுத்தினார். ஒருவன் உயிரை எடுக்கிற மாதிரி வந்தால், பொது இடத்தில் யாரோ ஒரு அந்நியனைக் காப்பாற்றவும் வெட்டலாம், சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஆபத்து முடிந்த பிறகு வெட்டினால் அது வேறு கதை.

"ஆபத்து எப்ப முடிஞ்சது, மிஸ்?"

"அதுதான் அக்கா முழு வழக்குமே." கொஞ்சம் சிரித்தார். "பயத்தில நடுங்குற கையை முழக்கோல் வைச்சு அளக்க ஏலாது. அதையும் பாப்பாங்க."

அதற்குப் பிறகுதான் உள்ள விஷயத்தை எடுத்தார். சட்டமா அதிபரிடமிருந்து முடிவு வந்துவிட்டதாம். பதினேழாம் திகதி நீதிமன்றத்தில் சொல்வார்கள். நல்ல செய்தி மாதிரித்தான், ஆனால் அவர்கள் வாயால் வரும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாமாம். நான் யாரிடம் சொல்லப் போகிறேன்.

"ஒரு வாக்குமூலம் பெரிய உதவியா இருந்திருக்கு. அந்தப் பொடியனுட அம்மா குடுத்தது."

நான் கேட்டது சரியா என்று மறுபடி கேட்டேன். ஓம், ஜெசீமா. மகனின் நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த கிழமையே தானாகப் பொலிஸுக்குப் போயிருக்கிறாள். என்ன சொன்னாள் என்று மிஸ் முழுதாகச் சொல்லவில்லை. "அவவே சொன்னா நல்லம்" என்றார்.

அப்போது நான் மறியலில். எனக்கு எதிராகத்தான் ஏதோ கொடுத்திருப்பாள் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

வரும் வழியில் பஸ் மாறப் பாலாவியில் இறங்க மறந்து, அடுத்த ஹோல்ட்டில் இருந்து திரும்பி நடந்தேன்.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமிப் போயா. ரோட்டில் வெள்ளை உடுப்போடு சனம்.

ஸீனத்துக்கு போன் எடுத்தேன். குருநாகலில் சரியான மழையாம். இருமல் மருந்து, பிள்ளையின் பல், புதுத் திரைச்சீலை, எல்லாம் கதைத்தாள். பதினேழாம் திகதிக்கு வருகிறாயா என்று கேட்டேன்.

"உம்மா, மாமி இங்க இரிக்கிறா. அவவுக்கு இந்தக் கேஸ் கதை பிடிக்கல்ல. அடுத்த மாசம் வாறனே."

"ஓம் மகள்."

"கோவமா?"

"இல்ல. மழையில நனையாம இரி."

நல்ல பிள்ளைதான். வைத்த பிறகும் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தேன். ஒரு நாளில் நான் கதைக்கிற கதை இவ்வளவுதான். மற்றபடி கோழியோடு. அதுவும் ஜெசீமாவின் கோழி, வேலிக்கு அடியால் வருவது.

ஜூலை 12, சனி

ஜெசீமா வந்தாள்.

காலை எட்டு மணி இருக்கும். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வேலிப்பக்கம் இருந்து அல்ல, முன் படலையால் வந்தாள், அந்நிய வீட்டுக்கு வருவது போல. ஸலாம் சொன்னாள். பதில் சொன்னேன். கதிரையை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

தொண்ணூறில் மன்னாரில் இருந்து துரத்திவிடப்பட்டு இந்த மண்ணில் வந்து விழுந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அகதிக் கொட்டிலுக்கு வந்து முதல் கதைத்த பிள்ளை இவள்தான். என் கல்யாணத்துக்கு மருதாணி வைத்தவள். என் மனுசன் மௌத்தானபோது நான் இத்தா இருந்த நாலு மாதமும் என்னோடு படுத்தவள். பதினொரு மாதத்தில் இப்போதுதான் அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்க்கிறேன். மெலிந்துவிட்டாள்.

"லோயர் சொன்னாவா?"

"நீ குடுத்தாய் எண்டு மட்டும் சொன்னா."

"ஒண்டு கேக்கிறன். உள்ளதச் சொல்லு. அவன் எதுக்குக் குனிஞ்சான்?"

கை ஈரம். துடைக்கத் துணி தேடினேன், கிடைக்கவில்லை.

"எனக்குத் தெரியாது ஜெசீமா. அல்லாஹ் அறிய, தெரியாது."

அவள் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே தூக்கினாள். உள்பக்கத்தில் நீளமான தழும்பு, தையல் போடாமல் தானாக மூடியது.

"போன வருஷம் நோன்புக்கு முந்தி. காசு கேட்டு வந்தான், அதே கத்தி. நான் விறகுக் கட்டையால கையில அடிச்சன். கத்தி விழுந்திச்சு. அழுதான். 'நோகுது உம்மா' எண்டான். எனக்கு மனசு கேக்கல்ல. அணைக்கப் போனன். அவனும் குனிஞ்சான்." சட்டைக் கையை இறக்கினாள். "எடுத்திட்டான்."

நான் முந்தானையில் கையைத் துடைக்கும்வரை பொறுத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் ஓடித் தப்பினன். நீ ஓடல்ல. அந்த மனுசன் கீழ கிடந்தார், உனக்கு ஓட ஏலாது."

"எனக்கேன் அப்பவே சொல்லல்ல?"

"ஆருக்கும் சொல்லல்ல. அவனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தம். ஆஸ்பத்திரிக்கும் போகல்ல, பொலிஸுக்கும் போகல்ல. அண்டைக்கே சொல்லியிருந்தா அவனப் பிடிச்சு எங்கயாவது அடைச்சிருப்பாங்க. உள்ள இரிந்தாலும் உசிரோட இரிந்திரிப்பான்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நான்தான்.

"உனக்காகக் குடுக்கல்ல ஹலீமா. அத விளங்கிக்கொள். அந்தக் கொண்டக்டருட கை இனிச் சரிவராதாம். அவருக்கும் பிள்ளைகள் இரிக்கி. அதுக்காகக் குடுத்தன்." படலை வரை போய் நின்றாள். "நீ செஞ்சது சரி எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்ட முகத்தப் பாக்க ஏலாம இரிக்கி. நான் என்ன செய்ய?"

போய்விட்டாள்.

பகல் முழுக்க அதையே நினைத்தேன். அவள் சொன்னது அவள் வீட்டில் அவன் குனிந்த நாளை. சந்தியில் குனிந்த நாளைப் பற்றி அவளுக்கும் தெரியாது. ஒருவேளை அன்றைக்கு நோவில்தான் குனிந்தானோ. கொண்டக்டரின் ரத்தம் என் காலில் பட்டுச் சூடாக இருந்தது, அது மட்டும் நிச்சயம். அந்த நேரத்தில் நின்று யோசிக்க எனக்கு இடம் இருக்கவில்லை. மறுபடி அங்கே நிறுத்தினாலும் வெட்டுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

கையெழுத்து. கடைசியாக இருக்கலாம். சார்ஜன்டிடம் சொல்லவில்லை.

வாங்கியது: சீனி, தேயிலை, சவர்க்காரம். பாணும் வாங்கினேன். கடையில் சனம் நின்றது. நின்றுதான் வாங்கினேன். கடைக்காரர் மீதியைக் கையில் தராமல் மேசையில் வைத்தார்.

ஜூலை 17, வியாழன்

வெயில். காற்றே இல்லை.

ஏழு மணி பஸ். கறுப்பு அபாயா. நீதிமன்ற வாசலில் கொண்டக்டர் நின்றார். சட்டைப் பையில் செருகிய மாதிரி இடது கை மடங்கியிருந்தது. இத்தனை மாதத்தில் முதல் முறை கிட்ட வந்தார். சிலாபம் பக்கத்துச் சிங்களவர், அரைகுறைத் தமிழ்.

"அக்கா, நான் வர பயம். உங்க ஊர் ஆள் கோவம் எண்டு சொன்னது. மன்னிக்க வேணும்."

"கை எப்படி?"

"வேல இல்ல. உசிர் இரிக்கி." பிறகு சிங்களத்தில் ஏதோ புண்ணியம் என்று சொல்லிக் கும்பிட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

உள்ளே பத்து நிமிஷம்கூட இல்லை. சிங்களத்தில் வாசித்தார்கள். பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார்: மேற்கொண்டு வழக்கு இல்லை, விடுவிக்கப்படுகிறீர்கள். மிஸ் என் தோளைத் தட்டினார். எனக்கு நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூது செய்யத் தோன்றியது. கூட்டத்துக்குப் பின்னால் சுவரோரமாக ஜெசீமா நிற்பதைக் கண்டேன். அப்படியே நின்றுவிட்டேன்.

அவளுக்கு வர வேண்டிய கட்டாயம் இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

பின்னேரம் இரண்டரைக் கல்பிட்டி பஸ். ஏறினேன். முழு பஸ்ஸும் நிறைந்திருந்தது. ஒரே ஒரு இடம், ஜன்னலோரம் ஜெசீமா, பக்கத்து சீட்டில் அவள் பை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாலாவி தாண்டியது. உப்பளம் தாண்டியது. கால் வலித்தது. ஒரு அம்மா கேட்டார், "அது யாருக்கும் பிடிச்ச இடமா?"

ஜெசீமா என்னைப் பார்க்கவில்லை. பையை எடுத்து மடியில் வைத்தாள்.

உட்கார்ந்தேன். தோளும் தோளும் பட்டது. பஸ் குலுங்கும்போது விலகினோம், மறுபடி பட்டது. சந்தி ஹோல்ட்டில் பஸ் நின்றபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நானும்.

எங்கள் ஹோல்ட்டுக்கு ஒன்று முன்னாலேயே எழுந்தாள். இருவரும் ஒன்றாய் இறங்குவதை ஊர் பார்க்கக்கூடாது என்று. கால் மடக்கி வழி விட்டேன். கடந்து போகும்போது என் முழங்காலில் கை ஊன்றினாள், விழாமல் இருக்க. பிறகு இறங்கி, வெயிலில் நடந்தாள். பஸ் அவளைத் தாண்டிப் போனது.