லாரித் தண்ணீர் குடித்த கத்தரிக்காய்

2.5.2004, ஞாயிறு
மாடம்பாக்கம் மொட்டைமாடிச் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தியாகிய நான் இன்று வாயைத் திறந்துவிட்டேன். அக்கா மகள் வினிதாவுக்கு அப்பா இல்லை. வளைகாப்பு தாய்மாமனான என் பொறுப்பு. அவள் மாமனார் முன்னால் முழங்கினேன்: கோயம்பேட்டிலிருந்து டீசல் புகையோடு வரும் காய் ஒன்றுகூட இலையில் விழாது, எல்லாம் என் மாடியில் விளைந்ததே. ஜூன் நாலு, வெள்ளிக்கிழமை. என் மனைவி தனக்கோடி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வெண்டைச் செடி கருகியிருக்கும்.

9.5.2004
போர்வெல் காற்றைக் கக்குகிறது. குடிக்க, குளிக்க நாலு குடம் தேறினால் அதிகம்.

12.5.2004
சகாரா பாலைவனம் வாடகைக்கு இடம் தேடினால் என் மாடியைக் காட்டலாம். தக்காளி தலை தொங்கிவிட்டது. என் மானமும் அதே தொட்டியில்தான் இருக்கிறது.

15.5.2004
லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். செடிகள் நிமிர்ந்தன, நான் பத்தடி வளர்ந்தேன். எங்கேயிருந்து தண்ணீர் என்று டிரைவரைக் கேட்டேன்.
"மாம்பாக்கம் தாண்டி ஒரு கெணறு சார். கீரை போட்டுகினு இருந்தாங்கோ. இப்ப கீரை இல்ல, லாரிதான் ரொப்பிகினு கீறோம்."
பக்கத்து ஊர்க் கீரையைக் காயவைத்தா நான் கத்தரிக்காய் வளர்க்கிறேன்?

16.5.2004
தனக்கோடியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டே, "காய் லாரியில வரக்கூடாதுன்னீங்க. இப்ப காய்க்கு லாரி வருது," என்றாள்.
இனி லாரி கிடையாது.

26.5.2004
தக்காளி போச்சு. வெண்டை போச்சு. புடலை — அதைப் பற்றி எழுத முடியவில்லை. வினிதா போன் பண்ணினாள். "மாமா, காய் வாங்கிக்கலாம். நீங்க வந்து நின்னா போதும்." இதுக்குப் பதிலா திட்டியிருக்கலாம். தாய்மாமனாம், பெரிய தாய்மாமன். வாய் மட்டும் ரெண்டு ஏக்கர். எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?

1.6.2004
குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்று இன்றுதான் எட்டிப் பார்த்தேன். பாத்ரூமுக்குப் பின்னால், தேங்கினால் கொசு வருமென்று தனக்கோடி நட்ட வாழைகள். சாக்கடை மரம் என்று என் சாம்ராஜ்யத்தில் அவற்றைச் சேர்த்ததே இல்லை. நான் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. இரண்டு பூ தள்ளியிருக்கின்றன.

5.6.2004
நேற்று எல்லோரும் சாப்பிட்டது கோயம்பேட்டுக் காய். நானே போய்ச் சுமந்து வந்தேன். வினிதாவின் மாமனார், "சக்கரவர்த்தி, பீன்ஸ் எந்த மாடி?" என்றார். சிரித்து வைத்தேன்.
வாழைப்பூ வடை மட்டும் வீட்டு விளைச்சல். வினிதா வளையல் குலுங்க மூன்றாவது வடைக்குக் கை நீட்டினாள்.

6.6.2004
மாடியில் உயிரோடு மிஞ்சியது ஒரே ஒரு கத்தரி. தூக்கி வந்து, தனக்கோடியிடம் அனுமதி கேட்டு, வாழைக்குப் பக்கத்தில் நட்டேன்.
பிறகு போய்க் குளித்தேன்.