கடைசி வால்வு

மார்ச் 4

கிளினிக்கில் இன்று நோயாளிகள் குறைவு. சும்மா இருக்கிறேனே என்று பல் டாக்டர் ஸ்டோர் ரூமை ஒழிக்கச் சொன்னார். உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் ஒரு பழைய வால்வு ரேடியோ. மரப்பெட்டி, அம்மிக்கல் கனம். "எங்கப்பா வாங்கினது. தூக்கிப் போட்டுடும்மா" என்றார். தூக்கினேன், போடவில்லை. வாடகை வண்டி பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்து, "இந்த மாசச் சம்பளமே இதுதானா?" என்றார்.

தம்பிக்காகத்தான் கொண்டு வந்தேன். லிஃப்ட் மெக்கானிக். தொங்குகிற வயரைக் கண்டால் கை சும்மா இருக்காது. இருந்ததில்லை, அவன் மனைவி சாகும் வரைக்கும். காய்ச்சல் என்று போனவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அன்றிலிருந்து எங்கள் முன்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். குளி என்றால் குளிப்பான், சாப்பிடு என்றால் சாப்பிடுவான். சொல்லாவிட்டால் இரண்டும் இல்லை.

ரேடியோவைக் காட்டினேன். "வச்சுட்டுப் போக்கா" என்றான். திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மார்ச் 9

அசையவில்லை. ரேடியோ மேல் துண்டு காயப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 13

வேலை முடிந்து வந்தால் ரேடியோவின் பின்பலகை கழன்று கிடக்கிறது! தரையெல்லாம் கந்தலும் கடித்த காகிதமும்.

"எலி குடும்பமே நடத்தியிருக்குக்கா உள்ள" என்றான்.

நான் கேட்காமல், அவனாகச் சொன்ன வாக்கியம். பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

மார்ச் 20

சாப்பாட்டு மேஜை பறிபோனது. ஸ்க்ரூ, வயர், பழைய கண்டென்சர், பற்றவைக்கிற ஈயம். "ஆபரேஷன் தியேட்டர்ல எனக்கு எங்க இலை போடப் போற?" என்கிறார் இவர். மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். கையெல்லாம் கரி என்று தானாகவே குளிக்கப் போகிறான். அதற்காக நான் தரையில் படுத்துக்கொண்டுகூடச் சாப்பிடுவேன்.

இன்று முதல்முறை கரண்டு கொடுத்தான். நேராக அல்ல, நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டி. "பல்பு பளீர்னு எரிஞ்சா உள்ள ஷார்ட்டு. மங்கலா எரிஞ்சா உசிரு இருக்குக்கா." மங்கலாகத்தான் எரிந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 26

தூசி துடைக்கலாமென்று உள்ளே கையை விட்டேன். "அக்கா, எடு கைய!" என்று கத்தினான். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கரண்டு கொஞ்ச நேரம் நிற்குமாம், ஆளையே அடித்துவிடுமாம்.

கிளினிக்குக்குப் போன பிறகுதான் உறைத்தது. பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்கிறவன். அவன் கையில் நானே எதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்? பால் வாங்கினாயா, ஜன்னல் சாத்தினாயா என்று போன் மேல் போன். ஒவ்வொரு தடவையும் எடுத்தான். எடுக்கிற வரைக்கும் எனக்கு உயிர் இல்லை. பிடுங்கி வைத்தால் மறுபடி சுவர். விட்டு வைத்தால் இந்தப் பயம். நான் என்னதான் செய்வது?

ஏப்ரல் 2

"பல்பு மாதிரி ஒரே ஒரு கண்ணாடி வால்வுதான்கா பாக்கி. அது வந்துட்டா முடிஞ்சுது."

வெளியூர்க் கடையில் சொல்லிவிட்டானாம். பகலில் எப்போதும் ஆள் இருக்கும் என்று கிளினிக் விலாசம் கொடுத்திருக்கிறான்.

"முடிஞ்சப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, பாடும்."

நான் கேட்டது ரேடியோவைப் பற்றியல்ல.

ஏப்ரல் 8

பார்சல் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டி. பைக்குள் போட்டவள் திரும்ப எடுத்து, பல் அச்சு வைக்கிற அலமாரியில் பின்னால் தள்ளிவிட்டேன்.

"வந்துச்சாக்கா?"

"இல்லடா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இன்னும் ஒரு வாரம் அவன் காத்திருக்கட்டும். காத்திருக்கிறவன் எழுந்திருப்பான் அல்லவா?

ஏப்ரல் 10

"வந்துச்சா?" "இல்ல."

ஏப்ரல் 13

படுத்துவிட்டான். அதே சுவர். காலையில் மூடி வைத்த தட்டு மூடியபடியே இருக்கிறது.

பெரிய புத்திசாலி நான்! என்ன வேலை பண்ணி வச்சிருக்கேன் — குடுத்தா முடிச்சுட்டுப் படுத்துடுவான்னு ஒளிச்சேன், குடுக்காததால இப்பவே படுத்துட்டான். இவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நானா இருந்தாலும் ஒளிச்சிருப்பேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 14

கொடுத்துவிட்டேன். கட்டிலில் உட்கார்ந்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆச்சரியமே இல்லை அவன் முகத்தில்.

"கடைக்காரர் போன் பண்ணினாருக்கா. குடுத்தாச்சுன்னு சொன்னாரு."

"தெரிஞ்சும் ஏன்டா என்னைக் கேக்கல?"

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான்.

"முடிஞ்சா அப்புறம் என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியலக்கா."

அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். வேறு என்ன வைத்திருக்கிறேன் கொடுக்க?

ஏப்ரல் 15

மாட்டினான். வால்வுகள் சூடாகும் வரை ஒரு சத்தமும் இல்லை. பிறகு டயலுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம், யாரோ வானிலை வாசிக்கிறார்கள், முள்ளை நகர்த்தினால் ஒரு பெண் பாடுகிறாள். கணீரென்று. இவர் கைதட்டிவிட்டார்.

தம்பி பாட்டு முடியும் வரை நின்றான். "அவ இருந்தா சத்தத்தைக் கொறைன்னு சொல்லியிருப்பா" என்றான். அவள் போனபிறகு அவளைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. இன்னும் ஏதாவது சொல்வானா என்று காத்திருந்தேன். குமிழைத் திருகி அணைத்தான். கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான். போய்ப் படுத்துக்கொண்டான்.

ஏப்ரல் 16

எழுந்திருக்கவில்லை.

ஏப்ரல் 19

பல் டாக்டர் தனக்குத் தெரிந்த மனநல மருத்துவரிடம் சொல்லி இன்று நேரம் வாங்கிக் கொடுத்திருந்தார். நேற்று கேட்டபோது "சரிக்கா" என்றான். எதற்குத்தான் அவன் சரி சொல்லவில்லை? இன்று சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றேன், கெஞ்சினேன், கடைசியில் அதட்டினேன். அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. போன் செய்து வர முடியவில்லை என்று சொன்னேன். அடுத்த வாரம் ஒரு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

மேஜை காலியாக இருக்கிறது. அங்கே உட்கார்ந்து சாப்பிட யாருக்கும் மனம் வரவில்லை.

ஏப்ரல் 22

படி ஏறும்போதே ரேடியோ சத்தம். ஓடிவந்தேன். தம்பி மேஜை முன்னால் குனிந்து நிற்கிறான், முகத்தில் தாடி, அதே கசங்கிய சட்டை, கையில் ஸ்க்ரூ டிரைவர். எனக்கு முன்னாலேயே வந்துவிட்ட இவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"பாட்டுக்கு அடியில ஒரு இரைச்சல் ஓடுதுக்கா" என்றான் தம்பி. "சன்னமா. கேட்டுப் பாரு."

காதை வைத்தேன். பாட்டு. வெறும் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை வைத்தேன். ஒரு தூசி தும்பு இல்லை. இவர் வாயைத் திறந்தார். அவர் காலை மிதித்தேன்.

தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாடா," என்றேன். "எனக்கும் கேக்குது."

"மறுபடி எல்லாத்தையும் கழட்டணும்க்கா."

"கழட்டு" என்றேன்.