போட்டோ கயிறு

வாண்டோ தீவு
அக்டோபர் 11

தாமியின் அப்பாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதத்தான் கை போனது. விட்டுவிட்டேன். நலமா என்றும் கேட்கப்போவதில்லை. திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் உங்களுக்கு ஒரு நோயும் வராது. இப்போது நான் இல்லாததால் யாரைப் பிடித்து வைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறீர்களோ, பாவம்.

போனில் உங்கள் எண்ணை பிளாக் செய்து வைத்திருக்கிறேன். எடுத்தால் கத்துவீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. ஆத்திரத்தில் கசக்கிப் போட்டாலும் பிறகு எடுத்துப் பிரித்துப் படிப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியும்.

அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். கடற்பாசி வலைகளைக் கடலில் இறக்குகிற காலம் இது. வந்த மறுநாளே நானும் வலை கட்ட உட்கார்ந்துவிட்டேன். நான் போடும் முடிச்சைப் பார்த்து அக்கா அசந்துபோனாள். பின்னே, யார் உயிருக்கு முடிச்சுப் போட்டுப் பழகிய கை இது!

முதலில், மாடிச் சுவரில் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடிக்க நீங்கள் மாட்டுகிற பெல்ட் விஷயம். தாமியிடம் போனில் புலம்பினீர்களாமே, "உங்கம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு, நல்ல பெல்ட்டக் கத்தரிச்சுப் போட்டுட்டு ஓடிட்டா" என்று. ஆமாம், கத்தரித்தேன். இறைச்சி வெட்டுகிற சமையலறைக் கத்தரியால்தான் கத்தரித்தேன். தோள்பட்டை, தொடைப்பட்டை, முதுகுப்பட்டை ஒன்றையும் விடாமல் துண்டு போட்டு, குப்பைப் பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். நல்ல பெல்ட்டாம்! விழுந்த ஆளை ஒருமுறை தாங்கிய பெல்ட் அது. அதிர்ச்சியை வாங்குவதற்காக மடித்துத் தைத்திருந்த பட்டை பிரிந்து நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தடவை ஆளைத் தாங்கிவிட்டால் அதோடு அதன் ஆயுசு முடிந்தது, தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று வாங்கும்போதே கடைக்காரன் சொன்னான். நீங்களும் பெரிதாகத் தலையாட்டினீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே என்ன செய்தீர்கள்? மீன்பிடி நரம்பை ஊசியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்து தைத்தீர்கள். தைத்து முடித்து, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, "பாத்தியா, புதுசு தோத்துச்சு" என்று என்னிடமே காட்டிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் நான் கத்தரியைத் தேடினேன்.

அடுத்தது, விலாங்குமீன் கடையில் உட்கார்ந்து நீங்கள் சொல்லும் கதை. அதுவும் என் காதுக்கு வந்து சேர்ந்தது. "பொண்டாட்டி கழட்டாம விட்ட கயிறு காலச் சுத்தி இழுத்துருச்சுடா, இல்லேன்னா நான் விழுற ஆளா?" என்று சோஜு சாராயத்தை ஊற்றிக்கொண்டே சொன்னீர்களாம். என்ன வாய் அது! கிம்ஹே ஊர் வேலையில் நடந்தது மறந்துபோயிருந்தால் நான் சொல்கிறேன், கேளுங்கள்.

நீங்கள் உட்காரும் பலகைக்கு ஒரு கயிறு. பலகை போனாலும் ஆள் போகாமல் இருக்க, பெல்ட்டில் கொக்கி மாட்டி இன்னொரு கயிறு. குடியிருப்பு அலுவலகத்துக்கு தினமும் காலையில் இரண்டு கயிறும் தெரிகிற மாதிரி போட்டோ அனுப்ப வேண்டும். அனுப்பியதும் இரண்டாவதைக் கழற்றி மேலே இழுத்துவிடுவோம். பெயிண்டில் புரள்கிறது, கையில் சிக்குகிறது, வேகமாக இறங்கவிடாமல் பிடித்து இழுக்கிறது என்று ஆயிரம் குறை. எல்லாக் குழுவிலும் இதே கதைதான். அதற்கு நீங்கள் எல்லோரும் போட்டோ கயிறு என்று பெயர் வைத்துச் சிரிப்பீர்கள்.

அன்றும் போட்டோ எடுத்ததும் "கழட்டுடி" என்றீர்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் கொக்கியை ஆட்டிச் சத்தம் காட்டினேன். கழற்றவில்லை. அன்று காற்று பலமாக இருந்தது. நீங்கள் காலையில் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, என்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்திருந்தீர்கள். வேறு காரணம் ஒன்றும் இல்லை. இரண்டு மாடி இறங்கியதும் கண்டுபிடித்துவிட்டீர்கள். "மேல வந்தேன்னா உன்னத் தூக்கிக் கீழ போட்டுருவேன்டி" என்று ஊர் கேட்கக் கத்தினீர்கள். நான் காதில் விழாத மாதிரி நின்றேன். அப்புறம் மூலைச் சுவரை எட்டிப் பூசுவதற்காகப் பலகையோடு ஆடிக்கொண்டே போனீர்கள். கைப்பிடிச் சுவர் விளிம்பில் கயிற்றுக்கு அடியில் போட்டிருந்த ரப்பர் விரிப்பு நழுவியது. நான் ஓடிவருவதற்குள் சிமெண்ட் விளிம்பு பலகைக் கயிற்றை அறுத்துவிட்டது. பலகையும் வாளியும் கீழே போய்ச் சிதறின. நீங்கள் மட்டும் போகவில்லை. காலைச் சுற்றி இழுத்ததாக ஊரெல்லாம் சொல்கிறீர்களே அந்தக் கயிறு, அதுதான் உங்களைப் பிடித்தது.

கயிற்றால்தான் அடிபட்டது என்கிறீர்கள். பாதி உண்மை. தொடைப்பட்டையை இறுக்குங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். "இறுக்கினா கவட்டை கடிக்குது" என்று தொளதொளவென்று விட்டீர்கள். விழுந்த வேகத்தில் அது மேலே ஏறி, சொல்லக் கூசுகிற இடத்தில் நசுக்கிவிட்டது. எட்டாவது மாடிக்காரி ஜன்னலைத் திறந்து, கண்ணாடியில் பெயிண்ட் சொட்டிவிட்டது என்று திட்ட ஆரம்பித்தாள். அப்புறம்தான் எதிரே ஆள் தொங்குவதைப் பார்த்து அலறினாள். பட்டை தொடையை இறுக்க, கால் இரண்டும் மரத்துப்போய், முகம் வெளுத்து, நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். நீங்கள் பேச்சை நிறுத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே தொங்கியிருந்தால் கீழே விழாமலே செத்திருப்பார் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நம் குழுவில் இருக்கிற பியோவும் மற்ற பையன்களும் உங்களை மேலே இழுத்துப் போட்டார்கள். கண் திறந்ததும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை என்ன? "ஏண்டி கழட்டல?"

தாமி பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து உங்கள் கயிற்றைக் கட்டினேன், போதும். நான் விதவையாவதற்கு நானே முடிச்சுப் போட்டுத் தர முடியாது. புது பெல்ட் வாங்கி, இரண்டு கயிற்றோடுதான் இறங்குவேன் என்று கைப்பட எழுதி அனுப்புங்கள், அடுத்த பஸ்ஸில் வருகிறேன். முடியாது என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதி முடிப்பதுதான் முறை. நீங்கள் பார்த்துக்கொள்ளப் போவதில்லை, நான் எதற்கு மையை வீணாக்க வேண்டும்?

இப்படிக்கு,
ஓக்சுன்


சாங்வொன்
அக்டோபர் 19

தாமியின் அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். இவ்வளவு விஷத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் எனக்கு எப்படிச் சோறு போட்டாய்?

கைப்பட எழுதித் தரமாட்டேன். நான் என்ன கோர்ட்டில் நிற்கிறேனா? இந்த ஊரில் எவன் பெண்டாட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கயிற்றில் இறங்குகிறான்? "அண்ணி எங்கண்ணே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் அக்கா கல்லுக்குண்டு மாதிரி இருப்பவள் என்பது எல்லோருக்கும் தெரியும். என் முகத்துக்கு நேராகச் சிரிக்காமல் திரும்பிக்கொண்டு சிரிக்கிறார்கள். உனக்குத் திருப்திதானே?

நீ போனால் வேலை நின்றுவிடும் என்று நினைத்தாயா? ஒன்றும் நிற்கவில்லை. புதுக் குடியிருப்பில் பாதி முடிந்துவிட்டது. கிழக்குச் சுவரை பியோ முடித்துவிட்டான். வடக்குப் பக்கமும் அவன்தான் இறங்குகிறான். கயிறு கட்டுவதை நானே பார்த்துக்கொள்கிறேன், உன்னைவிட நன்றாகவே கட்டுகிறேன். காலையில் போட்டோ அனுப்பியதும் அந்த இரண்டாவது கயிற்றை இழுத்துச் சுருட்டி வைத்துவிடுகிறேன். ஒரு பிரச்சினையும் இல்லை. பியோ உன்னைப்போல வாய்க்கு வாய் பேசுவதும் இல்லை.

தெற்குச் சுவர் பாக்கி. அது என் சுவர். வாங்கி வந்திருக்கும் பெயிண்ட் மட்டமான சரக்கு. கலக்கி வைத்தால் மேலே ஆடை கட்டிவிடுகிறது. தினமும் சாயங்காலம் எடுத்து வடிகட்டுவதே வேலையாக இருக்கிறது. குளிர் இறங்கிவிட்டால் பூசியது காயாது, அதற்குள் முடித்தாக வேண்டும்.

புது பெல்ட் வாங்கிவிட்டேன். நீ சொன்னாய் என்று நினைத்துக்கொள்ளாதே, பழையதை நீ நாசமாக்கிவிட்டாய், அதனால் வாங்கினேன். தொடைப்பட்டையை இறுக்கித்தான் போடுகிறேன். கடிக்கிறது. அதோடுதான் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்கிறேன்.

குளிர்காலத்துக் கிம்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் சொல்லிவைக்கட்டுமா வேண்டாமா என்று பக்கத்து வீட்டுக்காரி தினமும் கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்? வந்து நீயே சொல்.

டாக்டர் சொன்னதை நீ அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் ஒன்றும் மாறியிருக்காது. ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்.

கில்மான்


வாண்டோ தீவு
அக்டோபர் 24

தாமியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது அடுப்பில் போடலாம் என்று இருந்தது. இரண்டாவது தடவை ஒவ்வொரு வரியாக நிறுத்திப் படித்தேன்.

யாரிடம் கதை விடுகிறீர்கள்? பெயிண்ட் மட்டமாம்! கலக்கிய பெயிண்டைத் தொடாமல் நாள் முழுக்கத் திறந்து வைத்தால் எந்தப் பெயிண்டும் ஆடை கட்டத்தான் செய்யும். தினமும் கலக்குகிறீர்கள், தினமும் பெல்ட்டை மாட்டுகிறீர்கள், என்றும் இல்லாத திருநாளாகத் தொடைப்பட்டையை வேறு இறுக்குகிறீர்கள். அப்புறம் சாயங்காலம் வரை நிற்கிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பலகையில் இறங்குகிற ஆள் உட்கார்ந்திருப்பான், நின்றுகொண்டிருக்க மாட்டான். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உங்களால் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. கிம்ஹேயில் விழுந்த பிறகு நீங்கள் ஒரு நாள்கூட இறங்கவில்லை. அப்படித்தானே?

அது புரிந்ததும் என் கோபம் எல்லாம் கரைந்து போயிருக்கும். அன்றைக்கே மூட்டையைக் கட்டியிருப்பேன். கரையவிடாமல் செய்தது பியோவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த வரி. அவன் கயிற்றை நீங்கள் இழுத்துச் சுருட்டி வைக்கிறீர்களாமே! ஒரு பிரச்சினையும் இல்லையாமே! வெட்கமாக இல்லை உங்களுக்கு? உங்களுக்கு ஒரு காலை எடுத்து வைக்கவே உயிர் போகிறது. அப்படிப்பட்டவர் இன்னொருத்தன் உயிரைப் பிடிக்கிற கயிற்றை எந்தக் கையால் மேலே இழுக்கிறீர்கள்? தொங்கிக்கொண்டிருந்த உங்களை மூச்சு முட்ட மேலே இழுத்தவன் அவன். உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்தவள் அவன் பெண்டாட்டி. "அண்ணே, இது இடைஞ்சலா இருக்கு, எடுத்துருங்க" என்று அவன் கேட்டிருப்பான். கேட்கத்தான் செய்வான், உங்களிடம் தொழில் கற்றவன் வேறு எப்படிக் கேட்பான்? வாய்க்கு வாய் பேசுவதில்லை என்று பெருமை பேசுகிறீர்கள். அப்படியே பேசாமல் ஒருநாள் கீழே போய்விடுவான். அன்றைக்கு அவள் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்? அவளிடமும் போய், கயிறு காலைச் சுற்றியது என்று சொல்வீர்களா?

என் மேல் கோபம் என்றால் என் மேலேயே காட்டுங்கள். எனக்குப் பழகிவிட்டது. இந்தக் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து, போட்டோ எடுத்ததும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நில்லுங்கள். அவன் கத்தினால் கத்தட்டும், அம்மா அப்பாவை இழுத்துத் திட்டினாலும் திட்டட்டும். காது கேட்காத மாதிரி நிற்பது ஒன்றும் உங்களுக்குப் புதிதில்லை, வீட்டில் அதைத்தானே செய்துகொண்டிருந்தீர்கள்.

நீங்கள் எழுதித் தர வேண்டாம். அது போகட்டும். திங்கட்கிழமை காலை நேராக மொட்டை மாடிக்கே வந்துவிடுவேன். யாராவது கேட்டால் அக்கா குணமாகிவிட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். உங்களோடு பேசமாட்டேன், என் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. வந்ததும் சுவரோரம் போய் எட்டிப் பார்ப்பேன். பியோவுக்கு ஒரு கயிறுதான் தொங்குகிறது என்றால் வந்த வழியே திரும்பிவிடுவேன். அப்புறம் தாமியே வந்து காலில் விழுந்தாலும் வரமாட்டேன்.

தெற்குச் சுவர் கிடக்கிறது, விடுங்கள். குளிர் முடிந்து வசந்தத்தில் பூசினால் குடியிருப்பு இடிந்துவிடாது. காலைத் தூக்கிப் போட முடிகிற அன்றைக்குப் போடுங்கள். முடியவே இல்லையென்றால் மேலே என்னோடு நின்று கயிறு பிடியுங்கள். "அண்ணன் பயந்துட்டாரு" என்று எவனாவது சிரித்தால் அவனை என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன். முட்டைக்கோஸ் போன வருஷம் வாங்கிய அளவே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் முதன்முதலில் பலகையில் உட்கார்ந்து இறங்கிய நாளிலிருந்து மலைக்கோயில் புத்தரிடம் நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். இந்த மனுஷனுக்குக் கொஞ்சம் பயத்தைக் கொடு என்று கேட்டுக் கேட்டு என் முழங்கால் தேய்ந்துவிட்டது. இப்போதுதான் கொடுத்திருக்கிறார். அந்தப் பயம் ஒரு குறையும் இல்லாமல், நூறு வயது வரை உங்களோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓக்சுன்