இரண்டாம் தரம் பெயர் மாற்றியபோது

ஜூன் 3, செவ்வாய்
இங்கே குளிர்காலம் தொடங்கிவிட்டது. மருந்து இரண்டும் எடுத்தாயிற்று.
திருத்தத்தை அனுப்பிவிட்டேன். கேர்னலில், கணினியை இயக்கும் அந்தப் பொது மென்பொருளில், பழைய பிழை ஒன்று. கணினி தொடங்கும்போது நெற்வேர்க் கார்டுக்கு eth0 என்று பெயர், பிறகு சிஸ்டம் வேறு பெயர் வைக்கும். அதன் கோப்புறை மட்டும் பழைய பெயரிலேயே நிற்கும். பதினேழு வரியில் சரிசெய்தேன். வேலையில் இருந்த காலத்தில் எழுதியதெல்லாம் கம்பனியின் பெயரில் போயிற்று. இது என் பெயரில் வரவேண்டும்.
மகள் சுமதி போனில்: "அனுப்ப முதல் எனக்குக் காட்டியிருக்கலாமே, அம்மா."
அவளுக்கும் இதுதான் தொழில். மகளிடம் பரீட்சைப் புள்ளி வாங்கும் வயது எனக்கில்லை.

ஜூன் 5, வியாழன்
மழை. வாங்க: பால், தோடம்பழம், பல்ப்.
பதில் வந்தது. கேர்னலின் அந்தப் பகுதியைப் பராமரிப்பவரிடமிருந்து ஒரே கேள்வி: பெயரை இரண்டு தரம் மாற்றிப் பார்த்தீர்களா?
இல்லை. ஒரு தரம்தான்.
மாற்றினேன். என் கணவரின் பழைய கணினி அப்படியே நின்றுவிட்டது. பிளக்கைப் பிடுங்கினேன். வெட்கம். விடையைத் திருப்பிப் பார்க்காதவர்களைக் பள்ளியில் கணக்குப் படிப்பித்த சிஸ்டர் வாங்கின் மேல் ஏற்றி நிற்க வைப்பார்.

ஜூன் 7, சனி
இரண்டு நாள் தேடியும் பிழை பிடிபடவில்லை. சுமதியைக் கூப்பிட்டேன். நான்கு தரம் போனை எடுத்து வைத்த பிறகு.
ஹரிஸ் பார்க் கடை ஜிலேபியோடு வந்தாள். குசினி மேசையில் கணினி.
"கோப்புறையைப் பேரைச் சொல்லித் தேடுறீங்கள், என்ன?"
"ஓம். முதலே குறித்து வைத்த பெயர்."
"ஒருக்கா மாத்தினாப் பிறகு அந்தப் பேரில ஒண்டும் இல்லையே. பேரை விடுங்கோ, கோப்புறையையே பிடிச்சு வைச்சிருங்கோ."
பதினேழு வரி பதினொன்றானது. நூறு தரம் பெயர் மாற்ற விட்டேன். தேத்தண்ணீர் ஊற்ற முதல் முடிந்தது. கணினி நிற்கவில்லை.
"இனிக் காட்டிப்போட்டு அனுப்புவீங்களோ?"
"ஜிலேபியைச் சாப்பிடு."

ஜூன் 8, ஞாயிறு
தேவாலயப் பூசைக்குப் போக முதல் புதிய திருத்தத்தை அனுப்பினேன். யோசனை தந்தவர் பெயரை என் பெயருக்கு மேலே ஒரு வரியில் போடுவது அங்கே வழக்கம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டேன். அவளுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்
நல்ல வெயில். துணி காயும்.
ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் அனுப்பிய கடிதத்தைச் சுமதிக்கு அனுப்பினேன். உடனே போன்.
"அம்மா, இதில என்ர பேர் கிடக்கு."
"யோசனை உன்னுடையது."
"மற்றக் கார்டின்ர ட்ரைவர் கோப்பிலயும் இதே பிழை இருக்கு. பாத்தனீங்களோ?"
பார்க்கவில்லை. சனிக்கிழமை வரச் சொன்னேன். ஜிலேபி வேண்டாம், வடை.