அங்கே கரண்டு சீராக இருக்குமாம்

அன்புள்ள மாமாவுக்கு,

பாரீசுக்கு வரும்போது போட்டுக்கொள்ளச் சொல்லி நீங்கள் அனுப்பிய நகைப் பணத்தில் கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்கியிருக்கிறேன். கோபிக்காமல் மேலே படியுங்கள்.

தட்டாஞ்சாவடியில் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டித் தரும் தெய்வசிகாமணி, அவற்றை மேசைமேல் பரப்பினார். பி.எஸ்சி. புத்தகத்தில் படமாகப் பார்த்ததையெல்லாம் தொட்டுப் பார்த்தேன். ஹார்டு டிஸ்க் கட்டுப்படியாகவில்லை. கலர் மானிட்டரை விட்டுவிட்டு இரண்டு ஃபிளாப்பி டிரைவ் எடுத்தேன். ஒன்றில் புரோகிராம் ஓடும், மற்றதில் நாம் எழுதுவது பதியும். நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்றால் நம்புவீர்களா?

கூட வந்த அம்மா, "மாப்பள பிளேன் டிக்கெட் அனுப்பறாரு, இவ பொட்டிக்கு வெல கேக்கறா" என்றாள்.

தெய்வசிகாமணி சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார். "ஸ்டெபிலைசர் வேணுமாம்மா? பிரான்சுல கரண்டு சீரா இருக்கும், தேவையில்ல. நம்மூர்ல அது இல்லாம போட்டா போர்டு போயிடும். எங்க வெச்சு ஓட்டப் போறீங்க?"

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டெபிலைசர் நல்ல கனம், மாமா. நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் பஸ்ஸில் ஏற்றினோம்.

உங்கள் பதிலுக்குப் பயந்தபடி காத்திருக்கும்,
உங்கள் மனைவி